எண்ணெய் மண்ணின் வங்கிகள்

நுழையும்முன்

நிலத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தவர் அந்நிலத்தைக் கண்ணால் காணலாம். நகையை ஈடாகப் பெற்றவர் அதை உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். தரைக்குக் கீழே சில கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும் எண்ணெயை ஈடாகக் கொண்டு கடன் வழங்கும் வங்கியோ தான் ஒருபோதும் காணாத பொருளின்மீது பிறர் பணத்தை வைக்கிறது. அப்பொருளின் விலையை அந்த வங்கி முடிவு செய்வதில்லை. வாங்கியவரும் முடிவு செய்வதில்லை. கடனுக்குரிய வட்டி வீதத்தையோ நாட்டின் மைய வங்கி திசைகாட்டி நடத்துகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் வட்டார வங்கிகள் எவ்வாறு வாழ்ந்தன, எவ்வாறு வீழ்ந்தன என்பதை அமெரிக்காவின் ஒக்லகோமா, டெக்சாஸ் மாநிலங்களின் வரலாற்றைக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

வணிக வளாகத்தில் ஒரு வங்கி

ஒக்லகோமா மாநிலத்தின் தலைநகரில் சட்டமன்றக் கட்டடத்தின் வளாகத்திலேயே எண்ணெய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றுள் ஒன்று பூச்செடிப் பாத்தியின் நடுவே தோண்டப்பட்டதால் ஒரு பூவின் பெயரையே பெற்றது. அதன் இரும்புக் கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. அரசு நடக்கும் இடத்துக்கும் எண்ணெய் எடுக்கும் இடத்துக்கும் வேறுபாடு பாராத அந்நகரில், 1960ஆம் ஆண்டு பென் ஸ்கொயர் என்னும் வணிக வளாகத்தில் அதே பெயரில் ஒரு சிறிய வங்கி தொடங்கப்பட்டது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் குடும்பத்தினரும் அதன் வாடிக்கையாளர்கள்.

1973ஆம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தன. சில மாதங்களுக்குள் ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை ஏறத்தாழ 3 டாலரிலிருந்து 12 டாலர் அளவுக்கு உயர்ந்தது. 1979ஆம் ஆண்டு ஈரானில் நிகழ்ந்த புரட்சி அதை மேலும் உயர்த்தியது. 1981ஆம் ஆண்டில் விலை 35 டாலரை ஒட்டி நின்றது. இதற்கிடையே 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 15,000 அடிக்குக் கீழே கிடைக்கும் எரிவாயுவுக்கு விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறும் வழியைத் திறந்தது. ஒக்லகோமாவின் மேற்குப் பகுதியில் ஆழ்துளைகள் பெருகின. துளையிடுவோருக்குப் பணம் வேண்டும். பணம் கொடுக்க வங்கி வேண்டும்.

பென் ஸ்கொயர் வங்கி அகலக் கால் வைத்தது. 1977ஆம் ஆண்டில் அதன் சொத்து மதிப்பு ஏறத்தாழ 6 கோடி டாலர். 1982ஆம் ஆண்டிலோ 50 கோடி டாலருக்கும் மேல். இந்த வளர்ச்சியைக் காட்டிலும் வியப்புக்குரியது அதன் வழிமுறை. வங்கி தான் வழங்கிய கடனின் பெரும்பகுதியைப் பிற பெருவங்கிகளுக்கு விற்றுவிட்டு, சிறு பகுதியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. கடனைத் தேடிக் கொடுத்ததற்காகக் கட்டணமும் பெற்றது. இவ்வாறு விற்கப்பட்ட கடன்கள் 200 கோடி டாலரைத் தாண்டின. சிகாகோவின் கான்டினென்டல் இல்லினாய் வங்கி மட்டும் ஏறத்தாழ 100 கோடி டாலர் அளவுக்கு வாங்கியது. சியாட்டில் நகரின் சியாட்டில் பர்ஸ்ட் வங்கியும் நியூயார்க்கின் சேஸ் மன்ஹாட்டன் வங்கியும் வாங்கியவற்றுள் அடங்கும்.

கடன் கொடுத்தவருக்கே இழப்பு நேரும் என்றால் அவர் கடன் பெறுபவரைக் கூர்ந்து ஆராய்வார். இழப்பு வேறொருவருக்குப் போகும் என்றால் ஆராய்ச்சி தளரும். வாங்கியவரோ, கொடுத்தவர் ஏற்கெனவே ஆராய்ந்திருப்பார் என்று நம்பிவிட்டார். இரு தரப்பும் ஆராயாத கடன்கள் பெருகின. பல கடன்களுக்கு ஆவணங்கள் முழுமையாக இல்லை. எண்ணெய் இருப்பு பற்றிய பொறியாளர் மதிப்பீடுகள் பழையவையாக இருந்தன அல்லது இல்லவே இல்லை.

1982ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் அரசு அலுவலர்கள் வங்கியை மூடினர். மறுநாள் வைப்புதாரர்கள் வளாகத்தின் முன் வரிசையில் நின்றனர். அக்காலத்தில் ஒருவருடைய வைப்புத்தொகையில் 1,00,000 டாலர் வரைதான் காப்பீடு உண்டு. அந்த வரம்புக்கு உட்பட்டவர்களுக்குப் பணம் கிடைத்தது. வரம்புக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கோ, வங்கியின் சொத்துகள் விற்றுத் தீரும்போது பங்கு கிடைக்கும் என்னும் சான்றுச் சீட்டே கிடைத்தது. உறுப்பினர்களின் சிறுசேமிப்பைத் திரட்டி, சற்றே கூடுதலான வட்டிக்காக அங்கே வைத்திருந்த கடன் சங்கங்கள் பலவும் அந்தச் சீட்டுகளைப் பெற்றன. எண்ணெய்க் கிணற்றையே பார்த்திராத தொழிலாளரின் சேமிப்பு எண்ணெய்க் கிணற்றில் போயிற்று.

இரு விளிம்புகளுக்கு இடையே

வங்கி பிறரிடம் வட்டிக்குப் பணம் பெற்று, அதனினும் கூடுதலான வட்டிக்குக் கடன் தருகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே அதன் வருவாயின் முதன்மை ஊற்று. நாடு முழுவதும் கிளை பரப்பிய பெருவங்கிக்கு ஓரிடத்து இழப்பை மற்றோரிடத்து ஆதாயம் ஈடுசெய்யும். வட்டார வங்கிக்கு அந்த வசதி இல்லை. அதன் வைப்புதாரர், கடனாளி, பங்குதாரர் ஆகிய மூவரும் பெரும்பாலும் ஒரே ஊரினர்; ஒரே தொழிலை நம்பியவர்கள். ஆதலால் அவ்வங்கியின் எதிர்காலத்தைக் கணிக்க விரும்புவோர் அவ்வட்டாரத்தின் தொழிலையும் நாட்டின் வட்டி வீதத்தையும் ஒருசேர நோக்க வேண்டும்.

எண்ணெய் எடுக்கும் நிறுவனத்துக்குக் கடன் தருவது தனிக்கலை. வங்கி தன் பெட்ரோலியப் பொறியாளரைக் கொண்டு, கிணறுகளில் எஞ்சியுள்ள எண்ணெய் எவ்வளவு, அது எத்தனை ஆண்டுகளில் எந்த அளவில் வெளிவரும் என்று மதிப்பிடுகிறது. பிறகு எதிர்கால விலையை அனுமானிக்கிறது. சந்தை விலையை அப்படியே ஏற்காமல் அதனினும் குறைந்த விலையையே வங்கி தன் கணக்கில் கொள்வது வழக்கம். அவ்விலையில் வரக்கூடிய வருவாயை இன்றைய மதிப்புக்கு மாற்றி, அதில் ஒரு பகுதியை மட்டுமே கடன் வரம்பாக விதிக்கிறது. பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை இந்த வரம்பு மறுபடியும் கணக்கிடப்படும். விலை விழுந்தால் வரம்பும் சுருங்கும். வரம்புக்கு மேல் கடன் பெற்றிருந்தவர் மிகுதியைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அவர் கையில் பணம் மிகக் குறைவாக இருக்கும் வேளையில்தான் இந்த நெருக்கடி வரும் என்பது இம்முறையின் கடுமை.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளங்கிக்கொள்ளலாம். ஒரு கிணற்றுத் தொகுதி நாளொன்றுக்கு 100 பீப்பாய் எண்ணெய் தருகிறது எனக் கொள்வோம். ஒரு பீப்பாயின் விலை 80 டாலர். எடுக்கும் செலவு 30 டாலர். மிச்சம் 50 டாலர். நாளொன்றுக்கு 5,000 டாலர். ஆண்டுக்கு 18,25,000 டாலர். இந்நிறுவனம் 50 லட்சம் டாலர் கடனை 6 விழுக்காடு வட்டிக்குப் பெற்றிருந்தால் ஆண்டு வட்டி 3 லட்சம் டாலர். எளிதாகச் செலுத்திவிடலாம். இனி, விலை 40 டாலராகிறது எனக் கொள்வோம். எடுக்கும் செலவு மாறவில்லை. மிச்சம் 10 டாலர். ஆண்டுக்கு 3,65,000 டாலர். விலை பாதியாகத்தான் குறைந்தது. வருவாயோ ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. வட்டி போக எஞ்சுவது 65,000 டாலர். இந்நிலையில் வட்டி வீதம் 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தால், வட்டி மட்டும் 4 லட்சம் டாலர் ஆகிவிடும். அப்போது வட்டியையே செலுத்த இயலாது. முதலுக்கே மோசம் வந்துவிடும்.

வட்டி வீதம் இன்னொரு வழியாகவும் இக்கடனைத் தொடுகிறது. ஐந்தாண்டு கழித்துக் கிடைக்கும் ஒரு டாலரின் இன்றைய மதிப்பு, 5 விழுக்காடு வட்டியில் 78 சென்ட். 10 விழுக்காடு வட்டியில் 62 சென்ட். ஆகவே வட்டி உயரும்போது தரைக்கடியில் இருக்கும் எண்ணெயின் மதிப்பும், எண்ணெய் விலை மாறாவிட்டாலும்கூட, தாளில் குறைகிறது.

எண்ணெய் எடுப்பவரைக் காட்டிலும் அவருக்குத் துணைத்தொழில் செய்பவரே கூடுதல் இடருக்குரியவர். துளையிடும் எந்திரங்களை வைத்திருப்பவர், குழாய் விற்பவர், லாரி ஓட்டுபவர் ஆகியோரிடம் தரைக்கடியில் எண்ணெய் இல்லை. வேலை இருக்கும்வரைதான் வருவாய். 1981ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் 4,530 துளையிடும் எந்திரங்கள் இயங்கின. 1986ஆம் ஆண்டுக் கோடையில் 700க்கும் குறைவானவையே இயங்கின. ஓய்ந்து கிடக்கும் எந்திரத்தை ஈடாகப் பெற்ற வங்கி அதை யாரிடம் விற்க முடியும்? வாங்கக்கூடியவர் அனைவரிடமும் அதே எந்திரம் ஓய்ந்து கிடந்தது.

வோல்கர் உயர்த்திய வட்டி

1979ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவராகப் பால் வோல்கர் பொறுப்பேற்றார். விலைவாசி ஏற்றத்தை அடக்குவதே தம் கடமை என்று அவர் கருதினார். வட்டி வீதம் வரலாறு காணாத உயரத்தை எட்டியது. பெருநிறுவனங்களுக்கு வங்கிகள் விதிக்கும் அடிப்படை வட்டி 1980ஆம் ஆண்டு டிசம்பரில் 21.5 விழுக்காடாக இருந்தது.

எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பியவர்கள் இந்த வட்டியையும் பொருட்படுத்தவில்லை. ஆண்டுக்கு 20 விழுக்காடு வட்டி கட்டினாலும் விலை அதனினும் விரைவாக ஏறுமல்லவா என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கு பொய்த்தது. உயர்ந்த வட்டியும் உயர்ந்த எண்ணெய் விலையும் சேர்ந்து தொழில்களை முடக்கின. மக்கள் எரிபொருளைச் சிக்கனப்படுத்தினர். எண்ணெயின் தேவை குறைந்தது. கடனைப் பெருக்கிய அதே எண்ணெய் விலை, உயர்ந்து நின்றதாலேயே தன் வீழ்ச்சிக்கும் வழி வகுத்தது. 1985ஆம் ஆண்டின் இறுதியில் சவூதி அரேபியா தன் உற்பத்தியைப் பெருக்க முடிவு செய்தபின், 1986ஆம் ஆண்டின் நடுவில் விலை 10 டாலரை ஒட்டி இறங்கியது.

பென் ஸ்கொயரின் கடன்களை வாங்கிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறின. சியாட்டில் பர்ஸ்ட் 1983ஆம் ஆண்டில் பேங்க் ஆஃப் அமெரிக்காவிடம் அடைக்கலம் புகுந்தது. கான்டினென்டல் இல்லினாயின் வீழ்ச்சி வேறுவகைப்பட்டது. இல்லினாய் மாநிலச் சட்டம் வங்கிகள் கிளைகள் பரப்புவதைக் கட்டுப்படுத்தியிருந்தது. எனவே அவ்வங்கியால் ஊர் மக்களின் சிறுசேமிப்பைப் போதிய அளவு திரட்ட இயலவில்லை. வெளிநாட்டு வங்கிகளும் பெருநிறுவனங்களும் குறுகிய காலத்துக்குத் தரும் பெருந்தொகைகளையே நம்பியிருந்தது. 1984ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர்கள் பணத்தைத் திரும்பப் பெறத் தொடங்கினர். வாசலில் வரிசை எதுவும் இல்லை. தந்திக் கம்பிகளின் வழியே பணம் வெளியேறியது. நாட்டின் ஏழாவது பெரிய வங்கியாக இருந்த அதை அரசின் வைப்புக் காப்பீட்டுக் கழகம் ஏற்று, 80 விழுக்காடு உரிமையைப் பெற்றது. இம்முறை காப்பீட்டு வரம்புக்கு மேற்பட்ட வைப்புதாரர்களும் முழுமையாகக் காக்கப்பட்டனர். ஒக்லகோமாவின் கடன் சங்கத்தினர் சான்றுச் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க, சிகாகோவின் பெருஞ்செல்வர்கள் முழுத்தொகையையும் பெற்றனர். இந்த வேற்றுமை நியாயமானதா என்னும் கேள்வி அன்று நாடாளுமன்றத்தில் எழுந்தது, இன்றும் அடங்கவில்லை.

தெரிந்து தெளிவோம்

1988ஆம் ஆண்டு டெக்சாஸில் வீழ்ந்த பர்ஸ்ட் ரிபப்ளிக்பேங்க் என்பதும், 2023ஆம் ஆண்டு மே முதல் நாள் கலிபோர்னியாவில் மூடப்பட்ட பர்ஸ்ட் ரிபப்ளிக் பேங்க் என்பதும் வெவ்வேறு வங்கிகள். முன்னதை எண்ணெய் விலையின் சரிவும் நிலமனை விலையின் சரிவும் வீழ்த்தின. பின்னதை வட்டி வீதத்தின் உயர்வு வீழ்த்தியது.

டெக்சாஸ் கற்ற பாடம்

டெக்சாஸ் வங்கிகள் பென் ஸ்கொயரின் வீழ்ச்சியைக் கண்டு விழித்துக்கொண்டன. எண்ணெய்க் கடனைக் குறைத்தன. கையிலிருந்த பணத்தை வேறு எங்கே இடுவது? ஹூஸ்டன், டல்லாஸ் நகரங்களில் அலுவலக மாடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கடன் தந்தன. ஏட்டளவில் இது வேறு தொழில். உண்மையில் அம்மாடங்களில் குடியேற இருந்தவர்கள் எண்ணெய் நிறுவனத்தினர். எண்ணெய் நிறுவனத்துக்குக் கணக்கெழுதுவோர், வழக்காடுவோர், பொருள் விற்போர். 1986ஆம் ஆண்டில் எண்ணெய் விலை சரிந்ததும் கட்டடங்கள் வெறிச்சோடின. எண்ணெயிலிருந்து தப்பி ஓடிய வங்கிகள் எண்ணெயின் நிழலிலேயே போய் விழுந்தன. வங்கியின் ஏட்டில் கடன்கள் எத்தனை தலைப்புகளில் பிரிக்கப்பட்டுள்ளன என்பதைவிட, அத்தனை கடனாளிகளுக்கும் சோறு எங்கிருந்து வருகிறது என்பதே ஆராயத்தக்கது.

1980களில் டெக்சாஸில் 400க்கும் மேற்பட்ட வங்கிகள் வீழ்ந்தன. மாநிலத்தின் முதல் பத்துப் பெரிய வங்கிக் குழுமங்களுள் ஒன்பது, வீழ்ந்தோ வெளியாருக்கு விற்கப்பட்டோ மறைந்தன. பர்ஸ்ட் ரிபப்ளிக்பேங்க்கை வடகரோலினாவின் என்.சி.என்.பி. வங்கி எடுத்துக்கொண்டது; எம்கார்ப் குழுமத்தின் வங்கிகள் ஒஹாயோ மாநிலத்தின் பேங்க் ஒன்னிடம் சென்றன. ஊர்க்கடைக்காரருக்குக் கடன் தரலாமா என்னும் முடிவு அதுவரை ஊரிலேயே எடுக்கப்பட்டது. அதன்பின் ஆயிரம் மைல்களுக்கு அப்பால் எடுக்கப்பட்டது. புள்ளிவிவரங்களில் இவ்விழப்பு பதிவாவதில்லை.

எஞ்சிய ஒரு வங்கி, சான் அன்டோனியோ நகரின் ஃபிராஸ்ட். 1868ஆம் ஆண்டில் தொடங்கிய பழமை அதற்கு உண்டு. கம்பளி வணிகமும் பல்பொருள் கடையும் நடத்திய குடும்பத்திலிருந்து வளர்ந்த வங்கி அது. அரசின் உதவி பெறாமலும் வெளியாருக்கு விற்கப்படாமலும் அப்பத்தாண்டைக் கடந்த பெருங்குழுமம் அது ஒன்றே. அதுவும் இழப்பைச் சந்தித்தது. பழுதில்லாமல் தப்பியது என்று சொல்ல முடியாது. ஆனால் பிறர் விரைந்து வளர்ந்தபோது அது மெதுவாக வளர்ந்தது. திரட்டிய வைப்புத்தொகை முழுவதையும் கடனாக்காமல் எளிதில் பணமாக்கக்கூடிய பத்திரங்களில் பெரும்பகுதியை வைத்திருந்தது. ஏற்றத்தின்போது இப்போக்கு மந்தம் என்று எண்ணப்பட்டிருக்கக்கூடும்.

ஒக்லகோமாவிலும் இதற்கிணையான நிகழ்வு ஒன்று உண்டு. அம்மாநிலத்தின் பெரிய வங்கியான பேங்க் ஆஃப் ஒக்லகோமா 1986ஆம் ஆண்டில் வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் உதவியால் நிலைத்தது. 1991ஆம் ஆண்டில் அதைக் கழகத்திடமிருந்து விலைக்கு வாங்கியவர் ஜார்ஜ் கைசர். எண்ணெய்த் தொழிலில் பொருளீட்டியவர். எண்ணெயால் தளர்ந்த வங்கியை எண்ணெயின் இயல்பறிந்தவரே எடுத்து வளர்த்தார்.

எதிரெதிர்க் காற்று

2008ஆம் ஆண்டு டிசம்பர் முதல் ஏழாண்டுகள் அமெரிக்க மைய வங்கியின் வட்டி வீதம் ஏறத்தாழச் சுழியமாக இருந்தது. வட்டார வங்கிகளுக்கு இது வாடைக்காலம். காரணம், அவற்றின் கடன்களில் பெரும்பாலானவை மைய வங்கியின் வட்டியோடு சேர்ந்து ஏறியிறங்கும் மாறும் வட்டிக் கடன்கள். ஃபிராஸ்ட் வங்கியின் வைப்புத்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, வணிகர்கள் அன்றாடப் புழக்கத்துக்காக வைத்திருக்கும் வட்டியில்லா நடப்புக் கணக்குப் பணம். வட்டி ஏறினால் கடனிலிருந்து வரும் வருவாய் ஏறும். இப்பணத்துக்கான செலவு ஏறாது. வட்டி சுழியமாக இருக்கும்போதோ இந்த மலிவான பணத்தால் ஆதாயம் ஏதுமில்லை. ஆகவே வட்டி உயரும் நாளை எண்ணெய் மாநில வங்கிகள் எதிர்நோக்கியிருந்தன.

அந்நாள் 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. கால் விழுக்காடு உயர்ந்தது. ஆனால் அதற்குள் எண்ணெய் விலை சரிந்திருந்தது. 2014ஆம் ஆண்டு ஜூனில் 100 டாலருக்கு மேல் நின்ற விலை, 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. ஒரு கை கொடுத்ததை மறு கை எடுத்துக்கொண்டது. ஃபிராஸ்ட், பேங்க் ஆஃப் ஒக்லகோமா ஆகியவற்றின் மொத்தக் கடனில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ஆற்றல் துறையில் இருந்தது. வருங்கால இழப்பை எதிர்பார்த்து வருவாயின் ஒரு பகுதியை ஒதுக்கிவைக்கும் கட்டாயம் இவ்வங்கிகளுக்கு ஏற்பட்டது. காலாண்டு அறிக்கை வெளியாகும்போதெல்லாம் முதலீட்டாளர்கள் கேட்ட கேள்விகள் இரண்டே: எண்ணெய்க் கடனில் எவ்வளவு தேறும்? வட்டி இன்னும் எவ்வளவு ஏறும்?

2015, 2016ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய் நிறுவனங்கள் நொடித்தன. ஆயினும் 1986ஆம் ஆண்டின் பேரழிவு திரும்பவில்லை. எண்ணெய் இருப்பின்மீது முதல் உரிமை வங்கிக்கு இருந்தது. இழப்பின் பெரும்பங்கு கடன்பத்திரங்களை வாங்கியவர்களையும் பங்குதாரர்களையும் சேர்ந்தது. நிறுவனங்கள் பல, வருங்கால விற்பனைக்கு முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் செய்திருந்தன. வங்கிகளின் சொந்த மூலதனமும் முன்னினும் வலுவாக இருந்தது. டெக்சாஸின் பொருளாதாரத்தில் மருத்துவம், கணினி, போக்குவரத்து முதலியவை இடம்பெற்றிருந்தன. இவற்றுள் எது முதன்மைக் காரணம் என்று அறுதியிட்டுக் கூறுவது கடினம். எனினும் பொறியாளர் மதிப்பிட்ட இருப்புக்கும் வழங்கிய கடனுக்கும் இடையே விட்டிருந்த இடைவெளியே பெருந்துணை செய்தது என்று கருதலாம். பென் ஸ்கொயரிடம் இல்லாமற்போனதும் அதுதான்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக இரு காற்றும் ஒரே திசையில் வீசின. மைய வங்கி வட்டியை மீண்டும் சுழியத்தை ஒட்டிக் குறைத்தது. எண்ணெய் விலையும் விழுந்தது. ஏப்ரல் 20ஆம் நாள் மே மாத ஒப்பந்த எண்ணெயின் விலை பீப்பாய்க்குச் சுழியத்துக்குக் கீழே 37.63 டாலராக முடிந்தது. எண்ணெயைச் சேமிக்க இடமில்லாமையால், வைத்திருந்தவரே பணம் கொடுத்து அதை எடுத்துச் செல்லச் சொன்ன நாள் அது. விலை விரைவில் மீண்டது. ஆனால் பல வங்கிகள் ஆற்றல் துறைக் கடனின் பங்கை அதன்பின் குறைத்துக்கொண்டன.

2022ஆம் ஆண்டு மார்ச்சில் தொடங்கி 2023ஆம் ஆண்டு ஜூலைக்குள் வட்டி வீதம் சுழியத்தை ஒட்டிய நிலையிலிருந்து 5.25 முதல் 5.50 விழுக்காடு வரை உயர்ந்தது. எண்ணெய் விலையும் நல்ல நிலையில் இருந்தது. இரு காற்றும் ஆதரவாக வீசிய காலம் என்று இதைக் கருதத் தோன்றும். ஆனால் உயர்ந்த வட்டிக்கு வேறொரு முகம் உண்டு. ஆண்டுக்கு 2 விழுக்காடு தரும் 10 ஆண்டுக் கடன்பத்திரத்தை 100 டாலருக்கு வாங்கிய வங்கி, சந்தை வட்டி 5 விழுக்காடானபின் அதை விற்க முயன்றால் ஏறத்தாழ 77 டாலரே கிடைக்கும். முதிர்வு வரை வைத்திருந்தால் முழுத்தொகையும் வரும். வைப்புதாரர்கள் அதுவரை பொறுத்திருக்க வேண்டும். கலிபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கியின் வைப்புதாரர்கள் பொறுக்கவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரைத் திரும்பப் பெற முனைந்தனர். மறுநாள் வங்கி மூடப்பட்டது. அவ்வங்கி எண்ணெய்க்குக் கடன் தந்து வீழ்ந்ததன்று. ஐயத்துக்கே இடமில்லாதவை எனக் கருதப்பட்ட அரசுசார் பத்திரங்களே அதை வீழ்த்தின.

எண்ணெய் மாநில வங்கிகளையும் அதே கேள்வி தொட்டது. வட்டியில்லாக் கணக்கில் பணம் வைத்திருந்த வணிகர்கள், 5 விழுக்காடு தரும் வேறிடங்கள் இருப்பதைக் கண்டு பணத்தை மெல்ல மாற்றத் தொடங்கினர். வட்டி உயர்வால் வரும் ஆதாயம் எதுவரை வளரும், எப்போது வைப்புதாரருக்குப் போய்ச் சேரும் என்பதையே அதன்பின் ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் முதலீட்டாளர்கள் தேடினர். எண்ணெய்க் கடன் பற்றிய கேள்வி இரண்டாம் இடத்துக்குச் சென்றது.

கற்பவை கற்றபின்...

1. பாடத்தில் வரும் கிணற்றுத் தொகுதிக் கணக்கில், எண்ணெய் விலை 60 டாலர் எனவும் வட்டி 7 விழுக்காடு எனவும் கொண்டு ஆண்டு வருவாயையும் வட்டியையும் கணக்கிட்டு வகுப்பில் விளக்குக.

2. உங்கள் ஊரில் பெரும்பாலோர் ஒரே தொழிலை நம்பியிருப்பின், அத்தொழிலோடு பிணைந்த பிற தொழில்கள் எவை என்று உசாவி அறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா: எண்ணெய் விலை பாதியாகக் குறையும்போது நிறுவனத்தின் வருவாய் பாதிக்கும் கீழே குறைவது ஏன்?

சிறுவினா: பென் ஸ்கொயர், கான்டினென்டல் இல்லினாய் ஆகிய வங்கிகளின் வைப்புதாரர்கள் நடத்தப்பட்ட முறையில் இருந்த வேற்றுமையைக் குறிப்பிடுக.

நெடுவினா: 'எண்ணெயிலிருந்து தப்பி ஓடிய வங்கிகள் எண்ணெயின் நிழலிலேயே போய் விழுந்தன' – இக்கூற்றை டெக்சாஸ் வங்கிகளின் வரலாற்றைக் கொண்டு நிறுவுக.